உஷார்! உங்கள் அசைன்மென்ட் போஸ்டர் ஊருக்குள் அறிவிப்பாகிவிடும்

டிசைன் படிக்கிற தம்பி, தங்கைகளுக்கு அவசரமாக ஒன்று. விளம்பரப் பிரசாரம் என்று ஒரு புராஜெக்ட் கொடுத்திருப்பார்கள். கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியோ தஞ்சாவூரில் விஸ்காமோ, டெல்டாவில் படிப்பவர் தலைப்புக்கு அலைய வேண்டியதில்லை: காவிரி, நெல், பயிர்க் காப்பீடு, கொள்முதல் நிலையம். போஸ்டர் தத்ரூபமாக இருக்க வேண்டுமென்று மேலே அரசு முத்திரை, கீழே ‘மாவட்ட நிர்வாகம்’, நடுவே ஒரு தேதி, ஒரு போன் நம்பர், மூலையில் ஒரு க்யூஆர் கோடு. நன்றாக வந்திருக்கிறதே என்று நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவீர்கள். வில்லங்கம் அந்த நொடியில்தான் ஆரம்பம்.

வேறு ஊரில் போஸ்டரில் இருக்கும் தேதி வெறும் தேதி. இங்கே அதை நம்பி நாற்று விடுகிறார்கள். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறப்பு என்பது டெல்டாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் 2022-ல் மே 24 அன்றே திறந்தார்கள். 2024-ல் அணையில் போதிய தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 வரை தள்ளிப்போனது. ‘ஜூன் 12 மேட்டூர் திறப்பு’ என்று ஆண்டு போடாத ஒரு மாதிரிப் போஸ்டர் அந்த 2024 மே மாதத்தில் சுற்றியிருந்தால்? போர்செட் வைத்திருப்பவர் சமாளித்துக்கொள்வார். வாய்க்கால் தண்ணீரை மட்டும் நம்பியிருப்பவர் விதைநெல்லை ஊறப்போட்டிருப்பார்.

பயிர்க் காப்பீடு இன்னும் மோசம். சம்பாவுக்குப் பதிவு செய்யக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. அதை நீட்டித்த ஆண்டுகளும் உண்டு. அதனாலேயே ‘நீட்டிக்கப்பட்டது’ என்று எந்தப் படம் வந்தாலும் ஊர் நம்பிவிடும். சிட்டா, ஆதார், பாஸ்புக் நகல் எல்லாம் எடுத்துவைத்து, அடங்கலுக்கு வி.ஏ.ஓ. ஆபீசில் காத்திருக்கிற மனிதர், போனில் உங்கள் போஸ்டரைப் பார்க்கிறார். நவம்பர் 30 என்று இருக்கிறது. லேஅவுட்டில் அந்த இடம் காலியாக இருந்ததால் நீங்கள் போட்ட தேதி அது. ‘இன்னும் நாள் இருக்கு’ என்று களையெடுக்கப் போய்விடுவார். கஜா புயல் கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16. இந்த ஊரில் நவம்பர் நடுவில் ஒரு நாள் என்பது அவ்வளவு பெரிது.

அடுத்தது, கோரிக்கைப் போஸ்டர். சமூக அக்கறை உள்ள பிள்ளைகள் இதைத்தான் விரும்பிச் செய்கிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அரசு கொள்முதலில் நெல்லின் ஈரப்பதத்துக்கு வரம்பு 17 சதவீதம். மழை பிடித்துக்கொண்டால் டெல்டா விவசாயிகள் 22 வரை தளர்த்தக் கேட்பார்கள். நீங்கள் அதை எடுத்து ‘22%’ என்று போஸ்டர் முழுக்கப் பெரிதாக வைத்து, கீழே ‘ஈரப்பத நெல்லையும் கொள்முதல் செய்!’ என்று சின்ன எழுத்தில் போடுகிறீர்கள். வடிவமைப்பாகப் பார்த்தால் பிரமாதம். ஸ்டேட்டஸில் வைக்கிறவர் ஓரத்தை வெட்டும்போது ‘செய்!’ போய்விடும். மிச்சம் இருப்பது: 22%, ஈரப்பத நெல், கொள்முதல். ஒருவர் டிராக்டர் வாடகை கொடுத்து மூட்டையைக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். மீட்டர் 20 காட்டும். திருப்பி ஏற்றவும் முடியாது. தார்ப்பாயும் கையுமாகக் களத்திலேயே காவல் கிடந்து காயவைக்க வேண்டும். பிரசாரம் அந்த மனிதருக்காகச் செய்ததுதான்.

போன் நம்பரை அலட்சியமாக நினைக்காதீர்கள். ‘சும்மா பத்து எண் தட்டினேன்’ என்றால், அந்தப் பத்து எண்ணுக்கும் ஓர் ஆள் இருப்பார். 2024 தீபாவளிக்கு வந்த ‘அமரன்’ படத்தில், கதாநாயகி எழுதிக் கொடுக்கும் நம்பர் சென்னையில் ஒரு கல்லூரி மாணவருடையதாக இருந்தது. ஓயாமல் அழைப்புகள். 1.1 கோடி ரூபாய் கேட்டு அவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்; பிறகு காட்சியில் நம்பரை மறைத்தார்கள். திரையில் சில நொடி வந்த நம்பருக்கே இந்தப் பாடு. க்யூஆர் கோடும் அப்படித்தான். நெட்டில் எங்கிருந்தோ எடுத்து ஒட்டினால் அது யாருடைய பக்கத்துக்குப் போகிறது என்று உங்களுக்கே தெரியாது. பணம் வாங்கும் கோடாகக்கூட இருக்கலாம்.

அசோகச் சின்னத்துக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி, முறையின்றிப் பயன்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தமிழக அரசு முத்திரையிலும் கோபுரத்துக்குக் கீழே அதே சிங்கங்கள்தான்.

‘நான் வெளியிடவே இல்லையே, போர்ட்ஃபோலியோவுக்குத்தானே’ என்கிறீர்களா? 2013 மார்ச்சில் ஜேடபிள்யூடி இந்தியா என்ற பெரிய விளம்பர நிறுவனத்தில் ஃபோர்டு ஃபிகோ காருக்குச் சில போஸ்டர்கள் வரைந்தார்கள். ஒன்றில், இத்தாலியப் பிரதமராக இருந்த பெர்லுஸ்கோனி முன்னால் உட்கார்ந்திருக்க, டிக்கியில் வாய் கட்டப்பட்ட பெண்கள். ஃபோர்டு கேட்ட விளம்பரமும் இல்லை, காசு கொடுத்து எங்கும் வெளியிட்டதும் இல்லை. இணையத்தில் ஏற்றினார்கள், உலகமே பார்த்தது. டெல்லியில் ஓடும் பேருந்தில் மாணவி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான கொடூரம் நடந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஃபோர்டு மன்னிப்புக் கேட்டது. ஏஜென்சியில் வேலைகள் போயின. ஊறிப்போன ஆட்களுக்கே அந்தக் கதி.

சரி, என்ன செய்யலாம்? ‘மாதிரி’ என்று மூலையில் பொடியாகப் போடுவதில் பிரயோஜனம் இல்லை, வெட்டுவது முதலில் மூலையைத்தான். தலைப்பின் மேலேயே குறுக்காக, எழுத்தோடு பின்னிப் போடுங்கள். துறையின் பெயரைக் கற்பனையாக வையுங்கள். தேதி இடத்தில் கோடு, போன் இடத்தில் பத்து சைபர். ஜூரியில் ‘இது நிஜம் மாதிரி இல்லையே’ என்று யாராவது கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள், நல்ல ஆசிரியர் அதற்கே மார்க் போடுவார்.

பிரிண்ட் எடுக்கும் இடத்திலும் கவனம். ஃபிளெக்ஸ் கடையில் பென் டிரைவைச் செருகினால் ஃபைல் அந்த கம்ப்யூட்டரில் தங்கிவிடும். நாளைக்கு ஒருத்தர் ‘கவர்ன்மென்ட் நோட்டீஸ் மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்கண்ணே’ என்று வந்து நின்றால் உங்கள் லேஅவுட் தயாராக இருக்கும். கோரல் ஃபைலைக் கொடுக்காதீர்கள், பிடிஎஃப் போதும். கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே வெளியே போய்விட்டதா? உங்கள் போனில் அழித்துவிட்டு மூச்சு விடாமல் இருக்காதீர்கள். எந்த குரூப்பில் போனதோ அதே குரூப்பில் சொல்லுங்கள்; வி.ஏ.ஓ.வுக்கும் உதவி வேளாண் அலுவலருக்கும் போன் போடுங்கள். அரசின் தகவல் சரிபார்ப்பகத்துக்கும் எழுதலாம். முக்கியமாக, அதே போஸ்டரின் மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டு மறுப்பு அனுப்பாதீர்கள். சின்னத் திரையில் குறி தெரியாது, பழைய தேதி மட்டும் தெரியும். நீங்களே இரண்டாம் முறை பரப்பியதாக ஆகும். படமே வேண்டாம். ‘அது எங்க காலேஜ் வேலைங்க, தேதி நிஜமில்லை, ஆபீஸ்ல கேட்டுக்கங்க’ என்று உங்கள் குரலிலேயே வாய்ஸ் மெசேஜ் போடுங்கள்.