மழையைத் தேடி ஒரு பஸ் பயணம்



அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் நண்பர்கள் இருவர் மூவராகச் சேர்ந்து காரில் புறப்பட்டு, தேசியப் பூங்காக்களை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்ப்பது வழக்கம். உலகின் முதல் தேசியப் பூங்காவான யெல்லோஸ்டோன் 1872-ஆம் ஆண்டில் அங்கேதான் அமைந்தது. கலிபோர்னியாவுக்குச் செல்பவர்கள் ஒரு விந்தையைக் காண்கிறார்கள். சியரா நெவாடா மலைத்தொடரின் மேற்குச் சரிவில் யோசமிட்டி பூங்கா இருக்கிறது. அங்கே அருவிகள் கொட்டுகின்றன; வானளாவிய மரங்கள் நிற்கின்றன. மலைத்தொடரைத் தாண்டிக் கிழக்கே சென்றால் மரணப் பள்ளத்தாக்கு என்னும் பாலைவனம்! ஆண்டு முழுவதும் அங்கே பெய்யும் மழை சுமார் 5, 6 செ.மீ. தான்.

ஒரே மலை, ஒரு பக்கம் ஈரம், மறுபக்கம் வறட்சி. இது ஏன்? இதைத் தெரிந்துகொள்ள அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. திருப்பூர் பஸ் நிலையத்துக்கு வாருங்கள், போதும்.

புறப்படுவோமா?

ஜூலை மாதத்தில் ஒரு விடுமுறை நாள். உங்கள் நண்பனையோ தோழியையோ கூட்டிக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரும் உடன் வரட்டும். ஒரு வெப்பமானி, ஒரு குறிப்பேடு, மெல்லிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் ஒன்று, ஆளுக்கொரு ஸ்வெட்டர் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். உடுமலைப்பேட்டையில் பஸ் மாறி மூணாறு செல்ல வேண்டும். மொத்தம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர்.

பல்லடம் தாண்டியதும் காற்றாலைகள் வரிசையாகச் சுழலுவதைக் காண்பீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே ஓர் இடத்தில் அறுந்து, வாசல் போலத் திறந்திருக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று இந்த வாசல் வழியே நுழைந்து வீசுகிறது. தலைக்கு மேலே மேகங்கள் ஓடுகின்றன. ஆனால், நிலமோ காய்ந்து கிடக்கிறது.

“இவ்வளவு மேகம் போகிறதே, மழை மட்டும் ஏன் இல்லை?” என்று நண்பன் கேட்கிறான். நல்ல கேள்வி. குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். விடை மலை மேலே இருக்கிறது.

உடுமலையில் இறங்கியதும் வெப்பமானியை நிழலில் பிடித்து, வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முட்காட்டின் நடுவே

ஒன்பதாறு சோதனைச் சாவடியைக் கடந்தால் ஆனைமலைப் புலிகள் காப்பகம். அதை அடுத்துக் கேரள எல்லையில் சின்னாறு வனவிலங்குச் சரணாலயம். மலை என்றதும் பச்சைப் பசேல் என்ற காட்டை எதிர்பார்த்திருப்பீர்கள். இங்கே இருப்பதோ குட்டையான முள்மரங்கள், வேலம், கள்ளி! ஆண்டுக்குச் சுமார் 50 செ.மீ. மழைதான் இங்கே பெய்கிறது. அதிலும் பெரும்பங்கு அக்டோபர், நவம்பர் மாதங்களில் வருவது. மற்ற ஊர்களில் அரிதாகிவிட்ட நட்சத்திர ஆமையும், ஆற்றோர மரங்களில் தாவும் சாம்பல்நிற மலை அணிலும் இந்த வறண்ட காட்டில் வாழ்கின்றன.

யானைகள் சாலையைக் கடக்கும் இடம் இது. பஸ் மெதுவாகத்தான் போகும். எதையும் வெளியே எறியாதீர்கள்.

மறையூரைத் தாண்டுங்கள். சந்தன மரக்காடு முடிந்து, சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. லக்கம் அருவி வருகிறது. காற்றில் ஈரம் தெரிகிறது. சிறிது நேரத்தில் ஜன்னல் கண்ணாடியில் நீர்த்துளிகள்! தேயிலைத் தோட்டங்களை மூடுபனி மறைக்கிறது. சின்னாற்றில் வியர்த்துக் கொட்டிய நண்பன் இப்போது ஸ்வெட்டரைத் தேடுகிறான். மூணாற்றுப் பகுதியில் ஆண்டு மழை 300 செ.மீ.க்கும் மேல். சின்னாற்றைப்போல ஆறு மடங்கு!

காற்றைப் பிழியும் மலை

இப்போது விடைக்கு வருவோம். உயரே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகிறது. மலையில் மோதி மேலேறும் காற்று, அழுத்தம் குறைவதால் விரிவடைகிறது. விரிவடையும் காற்று குளிர்கிறது. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் குளிர்கிறது. குளிர்ந்த காற்றிலுள்ள நீராவி துளிகளாக மாறி மேகமாகிறது, பிறகு மழையாகிறது. ஈரத் துணியைப் பிழிவதுபோல, மலை காற்றைப் பிழிந்துவிடுகிறது.

நீராவி நீராகும்போது தன்னிடமிருந்த மறைவெப்பத்தை வெளியிடுகிறது. ஆகவே, மேகமான பிறகு காற்று குளிரும் வேகம் குறைகிறது. 1,000 மீட்டருக்கு 5, 6 டிகிரிதான்.

பிழியப்பட்ட காற்று மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்குகிறது. இறங்கும்போது அழுத்தம் கூடுகிறது, காற்று சுருங்குகிறது, சூடேறுகிறது. சைக்கிள் பம்பில் வேகமாகக் காற்றடித்துவிட்டு அதன் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும் அல்லவா? அதே கதைதான். ஈரத்தை இழந்த காற்று, சூடும் ஏறிவிட்டால் மேகம் எப்படி நிற்கும்? கரைந்து போகிறது. இப்படி மலைக்குப் பின்னால் அமையும் வறண்ட நிலமே மழை மறைவுப் பகுதி. சின்னாறும் உடுமலையும் அதில் அடக்கம். மரணப் பள்ளத்தாக்கும் அப்படித்தான்.

பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றுக்கோ ஏறுவதற்கு மலையே இல்லை. ஏறாத காற்று அதிகம் குளிராது. குளிராத காற்று அதிகம் பொழியாது. காற்றாலைக்குக் காற்று கிடைக்கிறது. வயலுக்கு மழை கிடைப்பதில்லை.

உங்கள் வெப்பமானி என்ன சொல்கிறது? உடுமலைக்கும் மூணாற்றுக்கும் உயர வேறுபாடு ஏறக்குறைய 1,200 மீட்டர். சராசரியாக 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி என்று கணக்கிட்டால், 7, 8 டிகிரி குறைய வேண்டும். மழையும் வெயிலும் இந்தக் கணக்கைச் சற்று மாற்றலாம். சரிபாருங்கள். பிளாஸ்டிக் பாட்டிலை மூணாற்றில் காலி செய்து இறுக மூடிப் பையில் வையுங்கள். அதைப் பிறகு பார்ப்போம்.

வரையாட்டின் வீடு

மூணாற்றுக்குச் சற்று முன்னால் ராஜமலை. இதுதான் இரவிகுளம் தேசியப் பூங்காவின் வாயில். பரப்பு 97 சதுர கிலோமீட்டர். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி, 2,695 மீட்டர், இதனுள்தான் இருக்கிறது. தேயிலைத் தோட்டக்காரர்களின் வேட்டைக் காடாக இருந்த இந்த நிலத்தைக் கேரள அரசு 1971-இல் எடுத்துக்கொண்டது. 1975-இல் சரணாலயமாகவும், 1978-இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கியது.

பாறைச் சரிவில் கொழுத்த உடலுடன் மேய்கின்றனவே, அவைதாம் வரையாடுகள். தமிழ்நாட்டின் மாநில விலங்கு. குட்டி ஈனும் பருவத்தில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், பூங்காவை மூடிவிடுவார்கள். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி இங்கே 2018-இல் பூத்தது. அடுத்த முறை 2030-இல். இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்!

“எல்லாம் அழகுதான். ஆனால், இந்தப் புல்லுக்கும் நம் ஊர்ப் பனியனுக்கும் என்ன சம்பந்தம்?” என்று நண்பன் மடக்குகிறான்.

காலடியைப் பாருங்கள். சரிவெங்கும் புல்வெளி; மடிப்புகளில் சோலைக் காடு. புல்லின் வேர்களும் சோலையின் மட்கிய சருகு மண்ணும் மழை நீரைப் பஞ்சுபோல உறிஞ்சிக்கொள்கின்றன. பிறகு சிறிது சிறிதாகக் கசியவிடுகின்றன. அதனால்தான் மழை நின்ற பிறகும் ஓடைகள் ஓடுகின்றன. நாம் வழியில் பார்த்த லக்கம் அருவி இந்த மேட்டிலிருந்து விழுவதே. அந்த நீர் பாம்பாற்றில் சேர்கிறது. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்று ஆறுகளில் பாம்பாறு ஒன்று. அது சின்னாற்றுக் காட்டின் வழியே இறங்கி அமராவதி அணைக்கு வருகிறது. 1957-இல் கட்டப்பட்ட அந்த அணை உடுமலை, தாராபுரம் வயல்களுக்கு நீர் தந்து, மிச்சத்தைக் கரூர் வழியே காவிரிக்கு அனுப்புகிறது.

மலை நமக்கு மழையை மறைத்தது உண்மை. அதே மலைதான் அந்த மழையைச் சேமித்து, ஆறாகத் திருப்பித் தருகிறது. வரையாட்டின் புல்வெளி அழிந்தால் ஆடு மட்டுமா போகும்? நம் கோடைக்கால நீரும் போய்விடும். மேற்கே ஓடும் ஆறுகளை அணை கட்டித் தடுத்து, சுரங்கங்களும் கால்வாய்களும் அமைத்து, பல்லடம், காங்கயம் வரை கொண்டுவந்த பி.ஏ.பி. திட்டமும் இந்த ஆனைமலை மழையை நம்பியதே.

திரும்பும் வழியில்

மாலையில் உடுமலைக்கு இறங்கியதும் பையைத் திறந்து பாட்டிலை எடுங்கள். யாரோ கையால் அமுக்கியதுபோல ஒடுங்கியிருக்கும்! உள்ளே இருப்பது மலைக் காற்று. வெளியே அமுக்குவது சமவெளிக் காற்று. இறங்கும் காற்று சுருங்குகிறது என்று சொன்னோமே, இதோ கண்முன் சான்று.

இரவு திருப்பூர் வந்து நொய்யல் பாலத்தைக் கடக்கும்போது ஒரு கணம் எட்டிப் பாருங்கள். நொய்யலும் மலையில், வெள்ளியங்கிரிச் சாரலில், தெளிந்த நீராகப் பிறந்ததுதான். பல ஆண்டுகள் சாயக்கழிவு கலந்து அது கெட்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை முழுவதும் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வேலை பாதிக்கப்பட்டது. அதன் பிறகு, சாய நீரை வடிகட்டி, சவ்வுகளின் வழியே செலுத்தி உப்பைப் பிரித்து, மீண்டும் பயன்படுத்தும் முறை இங்கே வேரூன்றியது.

ஒரு லிட்டர் நீர் மலையேறிப் பொழிந்து, புல்லில் தங்கி, ஆறாகி நம்மிடம் வர எவ்வளவு வேலை நடக்கிறது என்பதை இன்று நேரிலேயே பார்த்துவிட்டீர்கள். நாளை பள்ளிக்குப் போனதும் ஒடுங்கிய பாட்டிலை வகுப்பில் காட்டுங்கள். “யார் அமுக்கியது?” என்று நண்பர்களைக் கேளுங்கள்.