பொதுவென்று பொருள்படும் ஒரு சொல்

சிதம்பரத்திற்கு மேற்கே உள்ள கீரப்பாளையத்திலிருந்து மார்கழித் திருவாதிரைக்குப் புறப்படும் பெரியவர்களுக்கு ‘அம்பலம்’ என்றால் ஒரே பொருள்தான்: ஆடவல்லான் எடுத்த பொற்பாதம் விளங்கும் பொன்னம்பலம். அவர்களே மாலையணிந்து சபரிமலைக்குச் சென்றால், கேரளத்தில் வழிநெடுக இச்சொல் காதில் விழும். அங்கே பகவதி கோயிலும் அம்பலம், கிருஷ்ணன் கோயிலும் அம்பலம். மலையாளத்தில் அம்பலம் என்றாலே ஆலயம். பால்பாயசத்திற்குப் பெயர்பெற்ற அம்பலப்புழையின் பெயரிலும் அச்சொல் ஒலிக்கிறது. கடல் கடந்து இலங்கைக்குச் சென்றாலோ, சிங்களத்தில் ‘அம்பலம’ என்பது வழிப்போக்கர் இளைப்பாறும் திறந்த மண்டபம்.

தமிழில் இதன் பழம்பொருள் ஊரார் கூடும் பொதுவிடம். மன்று, பொது என்பனவும் இதன் உறவுச் சொற்களே. தில்லைக் கூத்தன் ஆடும் இடத்திற்கு இம்மூன்றும் பெயராக வழங்கின. ஊர்த் தலைவரை அம்பலக்காரர் என்பதும், மறைத்த செய்தி வெளிப்பட்டால் ‘அம்பலமாயிற்று’ என்பதும் இப்பொருளைத் தழுவியவையே. ஆயினும் சிதம்பர இரகசியம் இருப்பது அம்பலத்தில்தான் என்பது வேடிக்கை!

பொதுவென்று பெயர் பெற்ற இடம் எல்லார்க்கும் பொதுவாக இருந்ததா? ஆதனூர் நந்தனாருக்குத் தில்லைக்குச் செல்ல அடங்காத ஆசை. தம் குலத்தை எண்ணித் தயங்கி, ‘நாளைப் போவேன்’ என்று சொல்லியே நாள்களைக் கழித்தார்; திருநாளைப்போவார் எனப் பெயரும் பெற்றார். ஒருநாள் துணிந்து வந்தும் உள்ளே நுழையாமல் எல்லையை வலம் வந்தார். தீயில் புகுந்து எழுந்த பின்னரே அம்பலவன் திருமுன் சென்றார் என்கிறது பெரியபுராணம். பொதுவில் ஆடுவானைக் காண ஓர் அடியார் கொடுத்த விலை அது.

அம்பலம் என்பதற்கு ஆலயம் என்றே பொருள்கொண்ட மலையாள நாட்டிலும் நிலை வேறன்று. 1924-இல் வைக்கத்தில் நடந்த சத்தியாக்கிரகம், கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்காக மட்டுமே. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1936 நவம்பர் 12 அன்று, திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேச விளம்பரம் வெளியிட்டார். அதன்பின்னரே அரசின் பொறுப்பிலிருந்த அம்பலங்களின் கதவுகள் இந்துக்கள் அனைவர்க்கும் திறந்தன.

நந்தனாருக்குக் குருபூசை, புரட்டாசி ரோகிணியில்.