ஆவடி டாங்கியும் அம்பத்தூர் லேத்தும்

1955ஆம் ஆண்டு ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிச பாணிச் சமுதாயமே தேசத்தின் லட்சியம் என்று தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தின் தத்துவம் பழங்கதையாகிவிட்டாலும், பின்னர் வந்த சர்க்கார் செலவு கனரக வாகனத் தொழிற்சாலை என்னும் ரூபத்தில் இன்றும் அங்கே நிற்கிறது. 1965இன் கடைசியில் விஜயந்தா டாங்கி வெளிவந்த அந்த ஆலைக்கு, 2021 செப்டம்பரில் 118 அர்ஜுன் டாங்கிகள் செய்து தரும்படி 7,523 கோடி ரூபாய்க்கு ஆர்டர் கிடைத்தது.

இப்படி வரும் பணம் ஆலையோடு நின்றுவிடுவதில்லை. தொழிலாளியின் சம்பளம் மளிகைக் கடைக்கும், வீட்டு வாடகைக்கும், ஆட்டோக்காரருக்கும் போய், அவர்கள் கையிலிருந்து மறுபடி புறப்படுகிறது. கை மாறும்போதெல்லாம் சேமிப்புக்கும் வரிக்கும் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டே வரும் இந்தப் பிரவாகத்தைத்தான் 1931இல் கான் என்ற பொருளாதார நிபுணரும் அவருக்குப் பின் கெயின்ஸும் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஆனால் அர்ஜுனின் எஞ்சின் ஜெர்மானியச் சரக்கு. அதற்குப் போகும் ரூபாய் ஆவடி மார்க்கெட்டை எட்டிப் பார்ப்பதே இல்லை.

செலவின் மகிமை இவ்வளவு என்றால், வரியின் சங்கடத்தை அறிய அம்பத்தூர் எஸ்டேட்டின் சிறு பட்டறைக்குள் நுழைய வேண்டும். கம்பெனி கொடுத்தனுப்பும் இரும்பை லேத்தில் கடைந்து திருப்பிக் கொடுக்கும் 'ஜாப் ஒர்க்' கூலிக்கு, 2017 ஜூலையில் 18 சதவீதமாக வந்த ஜி.எஸ்.டி., 2019 அக்டோபரில் 12 ஆகக் குறைந்தது. 2025 செப்டம்பர் 22 அன்று, சிறிய கார்களின் வரி 28இலிருந்து 18 ஆக இறங்கிய அதே தினத்தில், இது மீண்டும் 18க்கு ஏறிவிட்டது. காரின் விலை குறைந்ததென்று ஊரே கொண்டாடிய நாளில், காருக்குப் பாகம் கடைபவனை யார் நினைத்தார்கள்?

கம்பெனி அந்த வரியை வரவு வைத்துக்கொள்வதால் ஒருவருக்கும் நஷ்டமில்லை என்பார்கள் நிபுணர்கள். காகிதத்தில் அது சரிதான். ஒரு லட்ச ரூபாய் பில்லுக்கு வரி 18,000. இரும்பு கம்பெனியுடையதாகையால் பட்டறைக்காரர் கழித்துக்கொள்ள வெட்டுளி, ஆயில் போன்ற சில்லறைச் செலவுகளின் வரியே உண்டு. மிச்சத்தை அடுத்த மாதமே ரொக்கமாகக் கட்டவேண்டும். கம்பெனியோ மூன்று மாதம் கழித்துத்தான் பணம் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சில்லறைக் கழிவை விட்டுவிட்டு, அந்த 18,000ஐ மாதம் 2 வட்டிக்கு இரண்டு மாதம் கைமாற்று வாங்கினால் 720 ரூபாய் வட்டி. வரி ஏதோ ஒரு கணக்கில் திரும்பி வந்துவிடும். இந்த 720 எவர் கணக்கிலும் வராது.

ஆகவே வரி எவ்வளவு என்பதைவிட, எப்பொழுது, எவர் கையிலிருந்து என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. சிறுதொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாகவேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அதைக் கண்டிப்பாய் அமல்படுத்துங்கள். இல்லையேல், கூலி கைக்கு வந்த பிறகு வரி கேளுங்கள்.