பள்ளிக்கு ஓர் ஆலோசகர்: உத்தரவு வந்தது; ஆள் வருவாரா?

புதுதில்லி: நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும், குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும் என்று 2025 ஜூலை 25-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நூறு பேருக்குக் குறைவாகப் படிக்கும் இடங்கள், வெளியில் உள்ள மனநல வல்லுநர்களுடன் முறையான தொடர்பை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்றும் கூறியது.

விசாகப்பட்டினத்தில் தங்கி மருத்துவ நுழைவுத் தேர்வுக்குத் தயாராகி வந்த 17 வயது மாணவி ஒருவர் 2023-இல் உயிரிழந்த வழக்கில் பிறந்தது இந்தத் தீர்ப்பு. விசாரணையை சி.பி.ஐ.-யிடம் ஒப்படைத்த நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா ஆகியோர், அத்துடன் நிற்கவில்லை. பள்ளி, கல்லூரி, பயிற்சி மையம், விடுதி என அனைத்துக்கும் பொருந்தும் 15 வழிகாட்டு நெறிகளை வகுத்தனர். உரிய சட்டம் இயற்றப்படும் வரை இவை நாடெங்கும் கட்டுப்படுத்தும். மதிப்பெண்ணைக் கொண்டு மாணவர்களைத் தனித்தனிப் பிரிவுகளாகப் பிரிப்பது, பலர் முன்னிலையில் அவமானப்படுத்துவது ஆகியவை கூடாது. ஆசிரியர் முதல் அலுவலகப் பணியாளர் வரை அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறையேனும் மனநலப் பயிற்சி அளிக்க வேண்டும் என்பவையும் அவற்றில் அடங்கும்.

நீதிமன்றத்தை இந்த அளவுக்குச் செல்ல வைத்தவை தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரங்கள். 2013-இல் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 8,423 பேர். 2022-இல் இது 13,044. அந்த ஆண்டில் தேர்வுத் தோல்வி காரணமாக நிகழ்ந்ததாகப் பதிவான தற்கொலைகள் 2,248. தேர்வைக் குறை கூறுவதோடு இப்பிரச்னை முடிந்துவிடவில்லை என்பதை இந்த எண்களே காட்டுகின்றன. குடும்பச் சண்டை, நோய், தனிமை, சக மாணவர்களின் கேலி, சாதியின் பெயரால் வரும் இழிவு என்று பிள்ளைகள் சுமக்கும் பாரங்கள் பல. அவற்றில் பெரும்பாலானவை மதிப்பெண் பட்டியலில் தெரிவதில்லை.

எழுபது ஆண்டுப் பரிந்துரை

பள்ளியில் ஆலோசகர் வேண்டும் என்பது நீதிமன்றம் புதிதாகக் கண்டுபிடித்த யோசனை அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஏ.லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53-இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழுவே, பயிற்சி பெற்ற வழிகாட்டும் அலுவலர்களின் சேவை கல்வி நிலையங்கள் அனைத்துக்கும் படிப்படியாகக் கிடைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதைத் தொடர்ந்து 1954-இல் தில்லியில் கல்வி, தொழில் வழிகாட்டலுக்கான மத்திய அமைப்பு ஒன்றும் தொடங்கப்பட்டது. 1964-66-இல் ஆய்வு நடத்திய கோத்தாரி கல்விக் குழு, வழிகாட்டலைக் கல்வியின் பிரிக்க முடியாத அங்கம் என்றது. செலவைக் கருதி, பத்துப் பள்ளிகளுக்கு ஓர் ஆலோசகராவது சுற்றி வரட்டும் என்று இறங்கி வந்தது.

அந்தப் பத்துக்கு ஒருவர் என்ற நிலையைக்கூட நாடு எட்டவில்லை. 2009-இல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் குழந்தைகளை உடலளவில் தண்டிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்தது. ஆனால் ஒரு பள்ளிக்கு இருக்க வேண்டியவை எனச் சட்டத்தின் அட்டவணை அடுக்கும் இனங்களில் ஆலோசகர் இடம்பெறவில்லை. 2018-இல் சி.பி.எஸ்.இ. வெளியிட்ட இணைப்பு விதிகள், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஆலோசகரைக் கட்டாயமாக்கின. 2020-ஆம் ஆண்டின் தேசிய கல்விக் கொள்கையும் பள்ளிகளுடன் இணைந்து பணியாற்றும் ஆலோசகர்கள், சமூகப் பணியாளர்கள் பற்றிப் பேசியது. கொள்கைகளில் இடம்பிடித்த ஆலோசகர், பெரும்பாலான அரசுப் பள்ளிகளின் சம்பளப் பட்டியலில் இடம்பிடிக்கவில்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

மத்திய கல்வி அமைச்சகத்தின் 2024-25 புள்ளிவிவரப்படி நாட்டில் 14.71 லட்சம் பள்ளிகள், அவற்றில் 24.69 கோடி மாணவர்கள். ஐந்நூறு பேருக்கு ஓர் ஆலோசகர் என்று வைத்தாலே சுமார் 4.9 லட்சம் பேர் தேவை. அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் பரிந்துரைப்பதோ 250 பேருக்கு ஒருவர். அதே புள்ளிவிவரம் இன்னொன்றையும் கூறுகிறது: ஒரே ஓர் ஆசிரியரைக் கொண்டு இயங்கும் பள்ளிகள் ஒரு லட்சத்துக்கும் மேல். பாடம் நடத்தவே ஆளில்லாத இடத்தில் மனம் விட்டுப் பேச ஆள் எங்கிருந்து வரும் என்று கேட்பதில் நியாயம் உண்டு.

தேவை உண்டா என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயது வரையிலானவர்களில் 7.3 சதவீதத்தினருக்கு மனநலப் பாதிப்பு காணப்பட்டது. பெருநகரங்களில் இது 13.5 சதவீதம். 2022-இல் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட ஆய்வில் 3.79 லட்சம் மாணவர்கள் பங்கேற்றனர். படிப்பு, தேர்வு, தேர்வு முடிவு ஆகியவையே தங்கள் பதற்றத்துக்குக் காரணம் என்று 81 சதவீதத்தினர் தெரிவித்தனர். சந்தேகம் வந்தால் கேள்வி கேட்கத் தயங்குவதாகச் சொன்னவர்கள் 28 சதவீதம். பாடத்தில் எழும் ஐயத்தையே ஆசிரியரிடம் கேட்கத் தயங்கும் பிள்ளை, வீட்டில் நடப்பதை அவரிடம் சொல்லுமா?

நாலந்தாவில் கிடைத்த பாடம்

ஆலோசனையால் உண்மையில் பயன் உண்டா, அதை யார் அளிக்க வேண்டும் என்ற இரு கேள்விகளுக்கும் உலகம் கவனித்த விடை ஒன்று பிகாரில் கிடைத்தது. நாலந்தா மாவட்டத்தின் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 'சங்கத்' என்ற தன்னார்வ நிறுவனமும் பிற ஆய்வாளர்களும் சேர்ந்து 'செஹர்' என்ற திட்டத்தைச் சோதித்தனர். பள்ளிகள் மூன்றாகப் பிரிக்கப்பட்டன. முதல் பிரிவில், மனநலத் துறைப் பட்டம் இல்லாத, ஆனால் இப்பணிக்கெனவே பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் ஒவ்வொரு பள்ளிக்கும் அமர்த்தப்பட்டார். இரண்டாம் பிரிவில், அதே பணி அப்பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மூன்றாம் பிரிவுக்கு இரண்டும் இல்லை.

ஆலோசகர் செய்த வேலைகள் எளியவை. மாணவர்கள் தங்கள் குறையை எழுதிப் போட ஒரு பெட்டி, மாதம் ஒரு பொருளில் சுவர் இதழ், போட்டிகள், மாணவர் குழுக்களின் கூட்டம், கேலி, வன்முறை ஆகியவற்றைத் தடுக்கப் பள்ளி அளவில் விதிகள், தனியே பேச வேண்டும் என்று வருவோருக்குத் தனி நேரம். 2018-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான முடிவுகளின்படி, ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மாணவர்களுக்கு இடையிலான உறவும் ஆசிரியர்களுடனான உறவும் மேம்பட்டன. மனச்சோர்வின் அறிகுறிகள், கொடுமைப்படுத்துதல், வன்முறை ஆகியவை குறைந்தன. இரண்டாம் ஆண்டு இறுதியில் இப்பயன் மேலும் கூடியிருந்தது.

ஆசிரியரிடம் பொறுப்பை ஒப்படைத்த பள்ளிகளிலோ, இரண்டும் இல்லாத பள்ளிகளோடு ஒப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை.

இதற்காக ஆசிரியர்களைக் குறை கூற இடமில்லை. பாடத்தை முடிப்பது, விடைத்தாள் திருத்துவது, கணக்கெடுப்பு, தேர்தல் பணி என்று அவர்கள் தலையில் ஏற்கெனவே ஏற்றப்பட்ட சுமை அதிகம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. மதிப்பெண் போடுபவரிடமும் தண்டிக்கும் அதிகாரம் உள்ளவரிடமும் பிள்ளைகள் மனம் திறப்பது அரிது. உச்ச நீதிமன்ற உத்தரவின் எதிர்காலம் இந்த இடத்தில்தான் அடங்கியிருக்கிறது. ஏற்கெனவே உள்ள ஆசிரியர் ஒருவருக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து, அவர் பெயருக்கு எதிரே 'ஆலோசகர்' என்று எழுதி, அறிக்கை அனுப்பிவிடுவது மாநிலங்களுக்கு எளிது. உத்தரவு நிறைவேறியதாகக் கோப்பு சொல்லும். நாலந்தா சொல்வது வேறு.

நோய்க்கு முன்னால் நிற்பவர்

ஆலோசகர் என்றால் மனநோய்க்கு மருந்து தருபவர் என்ற எண்ணமே பல பெற்றோரைத் தயங்க வைக்கிறது. பெயர் கெட்டுவிடும், நாளை திருமணத்துக்குத் தடையாகும் என்ற அச்சம் பெண் குழந்தைகளின் வீடுகளில் கூடுதல். ஆனால் பள்ளி ஆலோசகரின் நாள் பெரும்பாலும் நோயில்லாத பிள்ளைகளோடு கழிவது. கோபத்தை அடக்கிக்கொள்வது, தோல்வியைத் தாங்குவது, நட்பு முறிந்தால் மீள்வது, வேண்டாததற்கு 'மாட்டேன்' என்று சொல்வது, உதவி கேட்பது ஆகியவை பழக்கத்தால் வரும் திறன்கள். கூட்டுக் குடும்பத்தில் பாட்டியும் அத்தையும் பக்கத்து வீட்டாரும் கற்பித்த இவற்றைக் கற்பிக்க இன்று பல வீடுகளில் ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அடங்காத பிள்ளை தலைமையாசிரியர் அறைக்கு அனுப்பப்படுகிறது. பேசாத பிள்ளையோ, பேசாத காரணத்தாலேயே நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கி, எவர் கண்ணிலும் படாமல் போகிறது.

தலைநகர் தில்லி இத்துறையில் சில முயற்சிகளைக் கண்டது. 2018 ஜூலையில் அன்றைய தில்லி அரசு நர்சரி முதல் எட்டாம் வகுப்பு வரை, தேர்வோ மதிப்பெண்ணோ இல்லாத 'மகிழ்ச்சிப் பாடத்திட்டத்தை' அறிமுகப்படுத்தியது. தில்லி அரசுப் பள்ளிகளில் சங்கத் நடத்தி 2020-இல் முடிவு வெளியான மற்றோர் ஆய்வு, ஆலோசகர் துணையுடன் சிக்கலைப் படிப்படியாகத் தீர்க்கக் கற்ற மாணவர்களுக்கு, அவர்களே சொன்ன பிரச்னைகளின் கடுமை குறைந்ததைக் கண்டது. ஆனால் மனநல அறிகுறிகளில், கையேடு மட்டும் பெற்றவர்களைக் காட்டிலும் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. ஆலோசனை சர்வரோக நிவாரணி என்று நம்புவோருக்கு இது ஓர் எச்சரிக்கை. கேரளத்தில் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டுத் துறையின் கீழ் ஆலோசகர்கள் பள்ளிகளில் பணியாற்றுகின்றனர். கொரோனா ஊரடங்கின்போது சிறார் தற்கொலைகள் கவலையளித்ததால், 2020-இல் அங்கு காவல் துறை 'சிரி' என்ற தொலைபேசி ஆலோசனைத் திட்டத்தைத் தொடங்கியது.

ரகசியமும் சட்டமும்

ஆலோசனையின் உயிர்நாடி நம்பிக்கை. 'சொன்னது வெளியே போகாது' என்ற உறுதி இல்லையேல் எந்தப் பிள்ளையும் வராது. ஆனால் குழந்தை பாலியல் வன்கொடுமைக்கு ஆளானது தெரிந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தவறினால் தண்டனை உண்டு. எதை மறைத்துக் காப்பது, எதைச் சொல்லிக் காப்பது என்பதை முதல் சந்திப்பிலேயே பிள்ளைக்கு விளக்கும் பக்குவம் ஆலோசகருக்கு வேண்டும். பள்ளியின் நற்பெயருக்காக வாயை மூடிக்கொள்ளச் சொல்லும் நிர்வாகத்தின் கீழ், ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படக் காத்திருக்கும் ஒருவரால் அந்தப் பக்குவத்தைக் காட்ட முடியுமா? பணிப் பாதுகாப்பு ஆலோசகருக்கான சலுகையாகத் தோன்றினாலும், அது குழந்தைக்கான பாதுகாப்பே ஆகும்.

ஆலோசகர் வரும் வரை பிள்ளைகள் காத்திருக்கத் தேவையில்லை. 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் 'டெலி மானஸ்' உதவி எண் 14416-ஐத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். மத்திய கல்வி அமைச்சகத்தின் 'மனோதர்பண்' திட்டம் 2020 ஜூலையில் தொடங்கியது. வகுப்பறையிலும் விடுதியிலும் உதவி எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்கச் செய்ய வேண்டும் என்பதும் நீதிமன்றத்தின் உத்தரவுகளில் ஒன்று. இதற்கு நிதி ஒதுக்கீடும் வேண்டாம், புதிய பணியிடமும் வேண்டாம்.

மற்றதற்கு வேண்டும். நிரந்தரப் பணியிடம், அதற்கான நிதி, பயிற்சி நிலையங்கள், தனியே அமர்ந்து பேச ஓர் அறை ஆகியவற்றை மத்திய, மாநில அரசுகள் தங்கள் வரவு செலவுத் திட்டத்தில் காட்டினால்தான் உத்தரவு பள்ளி வாசலைத் தாண்டும். ஒரே நாளில் ஐந்து லட்சம் பேரை நியமிக்க எந்த அரசாலும் இயலாது. கோத்தாரி குழு சொன்னபடி பத்துப் பள்ளிகளுக்கு ஒருவர் என்றாவது தொடங்கலாம். அப்படித் தொடங்கவேண்டிய தேதி கடந்து அறுபது ஆண்டுகள் ஆகின்றன.