உச்சாவுக்கு ஒரு பொட்டு

எதிர்வீட்டுத் தம்பி போன ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தபோது, கையில் நீலநிற பிளாஸ்டிக் பாட்டி ஒன்று இருந்தது. ஆன்லைனில் வாங்கியது. முன்னால் வாத்து முகம். உட்கார்ந்தால் பாட்டுப் பாடும். "இதுல எல்லாம் செய்றான் டீச்சர். கார் ஓட்டுறான், தொப்பியா மாட்டிக்கிறான். உச்சா மட்டும் போகமாட்டேங்குறான்" என்றார். பையனுக்கு இரண்டே கால் வயது. ஜூனில் பிளே ஸ்கூல். டயப்பர் இல்லாமல்தான் வரவேண்டும் என்று அங்கே சொல்லிவிட்டார்களாம். முதல் நாள் "பாட்டில உக்காரு தங்கம்" என்று இவர் சொல்ல, பையன் நேராக ஓடிப்போய் ஊரிலிருந்து வந்திருந்த பாட்டியின் மடியில் உட்கார்ந்துகொண்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த வீட்டில் அதுவரைக்கும் பாட்டி என்றால் ஒன்றுதான்.

நான் டாக்டர் இல்லை. பால்வாடியில் பல வருஷம் இருந்தவள். இரண்டு வயசுப் பிள்ளைகள் நனைத்த தரையைத் துடைத்துத் துடைத்துக் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். ஓய்வு பெற்றபின் படித்ததில் இன்னும் கொஞ்சம். இஞ்சியைத் தட்டிப் போட்டு டீ வைத்தேன். வர்க்கி இருந்தது. "உக்காருங்க தம்பி, இது ஒரு டீயில முடியாது" என்றேன்.

அவர் ஏற்கெனவே ஒரு வழி பார்த்திருந்தார். "உச்சா போனா ஒரு சாக்லேட்டுன்னு சொன்னேன். முதல் நாள் ரெண்டு தடவ போனான். சந்தோஷமா இருந்துச்சு. மூணாம் நாள் பதினோரு தடவ." ஒரே உச்சாவை நிறுத்தி நிறுத்தி, தவணை முறையில் செலுத்தியிருக்கிறான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது என்று தம்பியிடம் சொன்னேன். நிறுத்தவும் விடவும் தெரிந்த பிள்ளைக்குத் தசை தயார். பாடமும் நன்றாகப் படித்திருக்கிறான். பாடத்தைத்தான் நாம் தப்பாக எழுதிவிட்டோம்.

பரிசு கொடுக்கலாமா கூடாதா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எதற்குக் கொடுக்கிறோம் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். உச்சா வருவதும் வராததும் இரண்டு வயசில் முழுக்கப் பிள்ளையின் கையில் இல்லை. மூத்திரப்பை எவ்வளவு தாங்கும் என்பதற்கு மருத்துவர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் மில்லிலிட்டர். இரண்டு வயசுக்கு 90 மில்லி. நாம் டீ குடிக்கிற டம்ளரில் ஏறக்குறைய பாதி. அது நிரம்புகிறது என்ற சேதி மூளைக்குப் போய், விளையாட்டை விட்டுவிட்டு நடந்து, ஜட்டியை இறக்கி, உட்கார்ந்து, இறுக்கிய தசையைத் தளர்த்த வேண்டும். இத்தனை படிகளில் கடைசிப் படிக்கு மட்டும் பரிசு வைத்தால், பாதி தூரம் சரியாக வந்த பிள்ளைக்கு வெறுங்கைதான் மிஞ்சும்.

அதனால் பிள்ளை தன் முயற்சியில் செய்யக்கூடியதற்குக் கொடுங்கள். வந்து சொன்னானா, அதற்கு ஒன்று. சொல்வதற்குள் ஜட்டி நனைந்துவிட்டாலும் சொன்னது சொன்னதுதான். இரண்டு நிமிஷம் உட்கார்ந்தானா, ஒன்றும் வராவிட்டாலும் அதற்கு ஒன்று.

என்ன கொடுப்பது? சாக்லேட் வேண்டாம் என்றேன். உச்சா போவதையும் இனிப்பையும் ஒரே முடிச்சில் போட்டால், அப்புறம் அவிழ்ப்பது நம் வேலை. எங்கள் பால்வாடியில் ஸ்டிக்கர் பொட்டு வைத்திருந்தோம். பத்து ரூபாய் அட்டையில் சிவப்பு, பச்சை, மயில் கழுத்து நிறமெல்லாம் இருக்கும். சுவரில் மாதக் காலண்டர். அன்றைய தேதிக் கட்டத்தில் பிள்ளையே பொட்டை உரித்து ஒட்டவேண்டும். வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளப் பக்கத்திலேயே ஒரு ஆள் இருக்கவேண்டும், அவ்வளவுதான். இரண்டு வயசுக்குப் பொட்டு பெரிய விஷயமில்லை. நகத்தால் கிளப்பி, விரலில் ஒட்டி, சுவரில் அழுத்துகிற அந்த வேலை இருக்கிறதே, அதுதான் பரிசு.

கொடுப்பதை அந்த நொடியில் கொடுக்கவேண்டும். "சமத்தா இருந்தா சாயங்காலம் பார்க்குக்குப் போலாம்" என்பது நமக்கு ஒரே வாக்கியம். அவனுக்கு அது இரண்டு தனித்தனி சேதி. சாயங்காலம் பார்க்கில் ஊஞ்சல் ஆடும்போது, காலையில் போன உச்சா அவன் நினைவிலேயே இருக்காது. ஸ்கின்னர் முதலான உளவியல்காரர்கள் எலியையும் புறாவையும் வைத்து நிரூபித்த அடிப்படை இதுதான்: செயலும் பலனும் ஒட்டியிருந்தால்தான் ஒன்றுக்கொன்று முடிச்சு விழும்.

இன்னொன்று முன்கூட்டி விலை பேசுவது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் 1973-ல் அதை வெளியிட்டார்கள். படம் வரையப் பிடித்த பிள்ளைகளில் ஒரு பகுதியிடம் "வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் உண்டு" என்று முதலிலேயே சொன்னார்கள். இன்னொரு பகுதிக்கு ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்தபின் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது பகுதிக்கு ஒன்றுமே இல்லை. கொஞ்ச நாள் கழித்து, விளையாட்டு நேரத்தில் யார் தானாகப் பேனாவை எடுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். முதலில் விலை பேசப்பட்ட பிள்ளைகள், மற்றவர்கள் வரைந்த நேரத்தில் சுமார் பாதிதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் வாங்கிய பிள்ளைகளுக்கு ஆசை குறையவே இல்லை.

"அப்போ பரிசே தப்பா டீச்சர்?"

அப்படிச் சொல்லமாட்டேன். படம் வரைவது பிள்ளை முன்பே ஆசைப்பட்டுச் செய்த வேலை. பாட்டியில் உட்காருவதற்கு அப்படி யாரும் ஏங்கவில்லை. கெடுப்பதற்கு அங்கே ஆசையே இல்லை. ஆனாலும் அந்தச் சோதனையிலிருந்து நான் ஒன்றை எடுத்துக்கொண்டேன். "போனா தர்றேன்" என்று சொல்வதைவிட "போயிட்டியா, இந்தா" என்று கொடுப்பது மேல். முதலாவது வியாபாரம். வியாபாரத்தில் பிள்ளைகளை நம்மால் ஜெயிக்க முடியாது. பதினோரு சாக்லேட் கொடுத்தவருக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் தம்பி தன் அடுத்த திட்டத்தைச் சொன்னார். நாள் முழுக்க ஜட்டி நனையாமல் இருந்தால் ஒரு பெரிய பொம்மை லாரி. நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

நனையாத ஜட்டிக்குப் பரிசு என்றால், அடக்கி வைப்பதற்குப் பரிசு என்றுதான் பிள்ளை புரிந்துகொள்வான். உச்சாவை அடக்குவான், ஆயையும் சேர்த்து அடக்குவான். குடலில் தங்கத் தங்க ஆயில் இருக்கிற தண்ணீரை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். கல் மாதிரி ஆகும். வெளியே வரும்போது வலிக்கும். ஒரு தடவை வலித்துவிட்டால், அடுத்த தடவை காலைப் பின்னிக்கொண்டு, பிட்டத்தை இறுக்கிக்கொண்டு சுவரோரம் நிற்பான். முக்குகிறான் என்று நாம் நினைப்போம். அவன் அடக்கிக்கொண்டிருப்பான். இது நாள்பட்டால் குடலின் கடைசிப் பகுதி விரிந்துபோய், வந்திருக்கிறது என்ற உணர்வே மங்கிவிடும். கெட்டியானதைச் சுற்றிக்கொண்டு தண்ணியாக ஜட்டியில் கசியும். பேதி என்று வீட்டில் மருந்து கொடுப்பார்கள், அல்லது சோம்பேறி என்று திட்டுவார்கள். உள்ளே இருப்பதோ மலச்சிக்கல். பால்வாடியில் இப்படித் திட்டு வாங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால் லாரியை வாங்குங்கள், சும்மா ஒரு நாள் கொடுங்கள். ஜட்டியோடு சேர்க்காதீர்கள்.

ஆய்க்கு வேறொரு கணக்கு. சாப்பாடு வயிற்றில் விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும். இது எல்லா உடம்பிலும் உண்டு. காலை இட்லி முடிந்த கொஞ்ச நேரத்தில் உட்கார வைத்தால் பாதி வேலையை உடம்பே செய்துவிடும். ஐந்து நிமிஷம் போதும், போன் கையில் வேண்டாம். பெரியவர்கள் கமோடில் பிள்ளையை ஏற்றினால் கால் அந்தரத்தில் தொங்கும், முக்க முடியாது. காலடியில் ஒரு மணையோ முக்காலியோ போடுங்கள். முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் மேலே வரட்டும். கிராமத்தில் குந்தி உட்கார்ந்து போன பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. அப்புறம் அந்த வாத்துப் பாட்டியின் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள் என்றேன். உட்கார்ந்தாலே பாட்டு என்றால், எழுந்து உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து பாட்டுத்தான் கேட்பான்.

வார்த்தையும் பரிசுதான். நம் ஊரில் கைவசம் இருக்கிற வார்த்தை 'சமத்து'. எனக்கும் பிடித்த வார்த்தை. ஆனால் போனால் சமத்து என்றால், நனைத்தால் சமத்து இல்லை என்று ஆகிறது. ஆளை விட்டுவிட்டுச் செய்ததைச் சொல்லலாம்: "உச்சா வருதுன்னு நீயே வந்து சொன்னியே!" நனைத்துவிட்டால், "நனைஞ்சிருச்சா, வா மாத்திக்கலாம்." குரல் ஏறக்கூடாது, முகமும் சுளிக்கக்கூடாது. அந்த 'ஷேம் ஷேம்' பாட்டை வீட்டில் யார் பாடினாலும் நிறுத்துங்கள். பக்கத்து வீட்டு அத்தை பாடினாலும் சரி. அதேபோல ரொம்பக் கொண்டாடவும் வேண்டாம். பையன் முதல் தடவை போனபோது இவர்கள் கைதட்டி, வீடியோ காலில் திருப்பூரில் இருக்கிற தாத்தாவுக்குப் பாட்டியைக் காட்டியிருக்கிறார்கள். அடுத்த இரண்டு நாள் பையன் அந்தப் பக்கமே போகவில்லை. மேடை ஏறினால் நமக்கே தொண்டை அடைக்கிறது.

இத்தனை பேசிக்கொண்டிருக்கும்போது தம்பியின் அம்மா, அந்த அசல் பாட்டி, தேடிக்கொண்டு வந்துவிட்டார். "எங்க காலத்துல இதெல்லாம் ஏது? கால நீட்டிப் பாதத்துல உக்கார வச்சு 'ஸ்ஸ்ஸ்'னா போயிரும்" என்றார். அவர் சொன்னதைத் தள்ளிவிட முடியாது. கென்யாவின் கடலோரத்தில் டிகோ என்ற மக்களும் அப்படியேதான். பிறந்து சில வாரத்திலேயே தாய் காலை நீட்டி, குழந்தையை நடுவில் உட்கார வைத்து, ஒரு ஓசை எழுப்புகிறாள். நாலைந்து மாதத்தில் ஓசை கேட்டதும் குழந்தை போய்விடுகிறது. 1977-ல் இது மருத்துவ இதழில் கட்டுரையாகவே வந்தது. ஆனால் அந்த முறைக்கு நாள் முழுக்கக் குழந்தை உடம்போடு ஒட்டியிருக்க ஓர் ஆள் வேண்டும். டயப்பர் வந்தபின் நாமும் விட்டுவிட்டோம்; நனைந்தது குழந்தைக்கே தெரியாமல் போயிற்று. "இப்பவும் அந்த ஸ்ஸ்ஸ் வேலை செய்யும்மா, சொல்லிப் பாருங்க" என்றேன். அவர் முகத்தில் ஒரு வெற்றி தெரிந்தது.

ஒரே நாளில் முடித்துவிடலாமா என்று தம்பி கேட்டார். அப்படியும் ஒரு புத்தகம் உண்டு. அஸ்ரின், ஃபாக்ஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974-ல் எழுதியது. அதற்கு முன் 34 பிள்ளைகளை வைத்துச் செய்த சோதனையில் சராசரியாக நாலு மணி நேரத்தில் முடித்தார்கள். நிறையக் குடிக்கக் கொடுத்து, உச்சா போகும் பொம்மையை வைத்துக் காட்டி, நொடிக்கு நொடி தின்பண்டமும் பாராட்டும். பொம்மை யோசனை எனக்குப் பிடிக்கும். ஆனால் நனைத்துவிட்டால் பத்துத் தடவை பாட்டிக்கு நடந்து பழகவேண்டும் என்று ஒரு விதி வைத்தார்கள். பெயர் பயிற்சி, பிள்ளைக்கு அது தண்டனைதான். பிரேசில்டன் என்ற குழந்தை மருத்துவர் இதற்கு நேர் எதிர். பிள்ளை ஆர்வம் காட்டும்வரை காத்திரு, மறுத்தால் நிறுத்து என்றார். 1962-ல் அவர் வெளியிட்ட கணக்கில் 1,170 பிள்ளைகள். பகலில் முழுக்கப் பழகியது சராசரியாக 28.5 மாதத்தில். "உங்க பையனுக்கு 27 தானே தம்பி" என்றேன். வந்ததிலிருந்து அப்போதுதான் அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

அவன் தயார்தான் என்று எனக்குத் தோன்றியது. இரண்டு மணி நேரம் காய்ந்திருக்கிறான். ஆய் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிகிறான். அப்படியென்றால் வருவது அவனுக்கு முன்பே தெரிகிறது. வெயில் காலமும் தோது. ஜட்டி மட்டும் போட்டுவிட்டால் போதும், துவைத்ததும் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

இரவை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்றேன். தூக்கத்தில் நனைவதற்குப் பொட்டும் கிடையாது, திட்டும் கிடையாது. இரவில் மூத்திரத்தைக் குறைக்கிற ஹார்மோன் சுரப்பும், நிரம்பினால் விழிக்கிற மூளையும் தானாக முதிரவேண்டும். ஐந்து வயசிலும் நூற்றில் பதினைந்து பிள்ளைகள் படுக்கையை நனைக்கிறார்கள். தங்கச்சிப் பாப்பா வந்தாலும், வீடு மாறினாலும், காய்ச்சல் வந்தாலும் பழகிய பிள்ளையே பின்னால் போகும். இரண்டு மூன்று வாரம் எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். ஆயில் ரத்தம், உச்சா போகும்போது அழுகை, அல்லது நன்றாகப் பழகிய பிள்ளை திடீரென்று ஓயாமல் தண்ணீர் குடித்து ஓயாமல் நனைப்பது, இவற்றுக்குப் பொட்டு அட்டை உதவாது. டாக்டரிடம்தான் போகவேண்டும்.

"பொட்டை எப்போ நிறுத்துறது?" என்று கிளம்பும்போது கேட்டார். கட்டடம் நின்றதும் கொத்தனார் சாரத்தைப் பிரிப்பதுபோல, மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக. உட்காருவது பழகியதும் சும்மா உட்காருவதற்குப் பொட்டு இல்லை, சொல்லிவிட்டுப் போனால் மட்டும். அதுவும் பழகியதும் எப்போதாவது. நிறுத்திவிட்டோம் என்று அறிவிக்கவேண்டாம். மே மாதத் தாளைக் கிழிக்கிற நாளில் ஜூன் தாள் வெறுமையாக இருக்கட்டும். அவன் கேட்டால் ஒன்று கொடுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

மே முழுக்க அவர்கள் வீட்டு மொட்டை மாடிக் கொடியில் சின்னச் சின்ன ஜட்டிகள் வரிசையாகத் தொங்கின. முதல் வாரம் பதினைந்து எண்ணினேன். கடைசி வாரம் நாலு. ஜூன் பிறந்த மறுநாள் காலையில் பால் வாங்கப் போனபோது வாசலில் தம்பி நின்றிருந்தார். நெற்றியில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு பொட்டு.

"என்ன தம்பி இது?"

"இப்பத்தான் பாத்ரூம் போயிட்டு வந்தேன் டீச்சர். வாசல்லயே காத்துக்கிட்டிருந்து வச்சுவிட்டான்."