ஆட்சியின் காகிதம் யாருடையது?

ஒரு பதவியில் இருந்தவர் அந்தப் பதவியின் பேரில் எழுதிய கடிதங்களும் பெற்ற மனுக்களும், அவர் பதவியை விட்டு இறங்கிய பின் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளிலேயே 1978 வரை தெளிவான சட்டம் இருக்கவில்லை. 1789இல் முதல் அதிபராகப் பொறுப்பேற்ற ஜார்ஜ் வாஷிங்டன், ஓய்வு பெற்றபோது தம் ஆட்சிக்காலக் காகிதங்களையும் மவுண்ட் வெர்னனில் இருந்த தம் பண்ணை வீட்டுக்கே கொண்டு சென்றார். அது திருட்டு என்று ஒருவரும் சொல்லவில்லை, ஏனெனில் அதிபரின் காகிதம் அதிபரின் சொத்து என்பதே அன்றைய வழக்கமாக இருந்தது. அந்த வழக்கத்தின் விளைவுகள் பலவகை. ஆபிரகாம் லிங்கனின் கடிதங்கள் அவருடைய மகன் ராபர்ட் டாட் லிங்கனின் பாதுகாப்பில் இருந்து, பின்னர் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு அளிக்கப்பட்டபோதும், தாம் இறந்து 21 ஆண்டுகள் கழியும்வரை அவற்றைத் திறக்கலாகாது என்று மகன் விதித்த நிபந்தனையால் 1947 ஜூலையில்தான் ஆய்வாளர் கண்ணில் பட்டன. வாரன் ஹார்டிங் 1923இல் பதவியில் இருக்கும்போதே இறந்தார். அவருடைய மனைவி கணவரின் காகிதங்களில் கணிசமான பகுதியைத் தீயிலிட்டார். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் தம் ஆவணங்களுக்கென ஹைட் பார்க்கில் ஒரு நூலகம் கட்டி, 1941இல் அதைத் திறந்து, மத்திய அரசின் பொறுப்பில் விட்டது நல்ல முன்மாதிரி என்றாலும், அதுவும் ஒரு தனிமனிதர் மனமுவந்து அளித்த கொடையாகவே கருதப்பட்டது.

கொடையை உரிமையாக மாற்றியது ரிச்சர்ட் நிக்சனின் வீழ்ச்சி. 1971 பிப்ரவரி முதல் 1973 ஜூலை வரை வெள்ளை மாளிகையில் மறைவாக இயங்கிய ஒலிப்பதிவுக் கருவிகள் ஏறத்தாழ 3,700 மணி நேரப் பேச்சைப் பிடித்து வைத்திருந்தன. 1974 ஆகஸ்டில் பதவி விலகிய நிக்சன் அவற்றைத் தம் உடைமையாக எடுத்துச் சென்று காலப்போக்கில் அழித்துவிடவும் வழிவகுக்கும் உடன்படிக்கை ஒன்று உருவானதால், அமெரிக்க நாடாளுமன்றம் அதே ஆண்டின் இறுதியில் சட்டம் இயற்றி அவற்றை அரசின் காவலில் வைத்தது. பிறகு 1978இல் வந்த அதிபர் ஆவணச் சட்டம், 1981 ஜனவரி 20 முதல் பதவியேற்கும் எந்த அதிபரின் அலுவல் காகிதமும் மக்களின் உடைமை என்று அறிவித்தது; அதிபர் பதவி விலகி ஐந்தாண்டு கழிந்தபின் அவற்றைக் கேட்டு விண்ணப்பிக்கலாம், சிலவகைக் காகிதங்களை மட்டும் 12 ஆண்டுவரை மூடி வைக்கலாம் என்பது அதன் சாரம். 1971 நவம்பரில் வாஷிங்டன் சென்ற இந்திரா காந்தியைப் பற்றி நிக்சனும் அவருடைய ஆலோசகர் கிசிஞ்சரும் தனியறையில் பேசிய இழிசொற்களை 2005இல் இந்திய வாசகர்கள் செய்தித்தாளில் படிக்க நேர்ந்தது இந்தச் சட்டப் போராட்டத்தின் தொலைதூரப் பலன்.

அதிபரைக் குறிக்கும் ‘பிரெசிடெண்ட்’ என்னும் சொல் அமெரிக்க ஆட்சித் தலைவரின் பதவிப் பெயராவதற்கு முன்பே சென்னைக்கு வந்துவிட்டது. புனித ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆலோசனைச் சபைக்குத் தலைமை ஏற்றவருக்கு அந்தப் பெயர் இருந்தமையால்தான் அவருடைய ஆளுகைக்கு உட்பட்ட நிலப்பரப்பு ‘பிரசிடென்சி’, அதாவது சென்னை ராஜதானி எனப்பட்டது. 1687 முதல் 1692 வரை அந்த நாற்காலியில் இருந்து, முறைகேட்டுக் குற்றச்சாட்டுகளோடு நீக்கப்பட்ட எலிஹு யேல், பிற்காலத்தில் அளித்த கொடைக்காக அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கே பெயராக நின்றதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஆனால் யேல் போன்றவர்கள் பணத்தைத்தான் வீட்டுக்குக் கொண்டு போனார்கள்; சபையின் காகிதத்தைக் கொண்டு போக இயலவில்லை. கம்பெனி ஒரு வணிக நிறுவனம் என்பதே காரணம். ஆறு மாதக் கடற்பயணத் தொலைவில் இருந்த லண்டன் இயக்குநர்கள், தங்கள் ஊழியரை நம்பாமல், சபை கூடிய தேதி, வந்திருந்தோர் பெயர், வந்த கடிதங்களின் நகல், எடுத்த முடிவு ஆகிய அனைத்தையும் ‘கன்சல்டேஷன்’ எனப்படும் ஆலோசனைக் குறிப்பேட்டில் எழுதி, அதன் பிரதியைக் கப்பலில் அனுப்ப வேண்டும் என்று கட்டளையிட்டிருந்தனர். வணிகரின் சந்தேகம் வரலாற்றுக்கு வாய்த்த வரமாயிற்று. சென்னையில் கரையான் தின்ற ஏட்டின் இரட்டைப் பிரதியை லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் தேடிப் பார்க்க முடிவது அதனால்தான்.

சென்னைப் பிரதிகளின் இன்றைய இருப்பிடம் எழும்பூரில் 1909இல் கட்டி முடிக்கப்பட்ட செங்கல் நிறக் கட்டடமான தமிழ்நாடு ஆவணக் காப்பகம். முன்னாளில் மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸ் என்று அழைக்கப்பட்ட இதில் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கிய ஏடுகள் உள்ளன. வணிகம், படை, நீதி, வருவாய் என்று துறைவாரியாகத் தொடர்கள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஆர்க்காட்டு நவாபு, தஞ்சை மன்னர் போன்ற நாட்டு அரசர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்துக்குத் தனித் தொடர் உண்டு. 1786இல் அமைந்த வருவாய் வாரியத்தின் நடவடிக்கைக் குறிப்புகள் இவை எல்லாவற்றையும்விடப் பருமனானவை. ஒரு சிற்றூரைத் தேடி வருபவர் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எதுவும் கிடைக்காது. ஆண்டுவாரி அகரவரிசைப் பட்டியலில் பொருளைப் பிடித்து, அரசாணையின் எண்ணையும் தேதியையும் குறித்துக் கொடுத்தால்தான் கட்டு மேசைக்கு வரும்.

அவ்வாறு தேடப்பட வேண்டிய ஊர்களில் உடையார்பாளையம் சற்றுக் கடினமானது. திருச்சி – சிதம்பரம் சாலையில் ஜெயங்கொண்டத்துக்கு மேற்கே, பயறணீசுவரர் கோயிலைச் சுற்றி அமைந்த இந்த ஊர், ‘காலாட்கள் தோழ உடையார்’ என்னும் பட்டம் தரித்த பாளையக்காரர்களின் இருக்கையாக இருந்தது. காலாட்படை வீரர்களின் தோழர் என்று பொருள்படும் அந்தப் பட்டத்தோடு, காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்ற குடும்ப மரபைக் குறிக்கும் ‘கச்சி’ என்னும் அடைமொழியும் அவர்கள் பெயரில் சேர்ந்து வரும். பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களை எழுதிய ராபர்ட் ஓர்ம் இந்த ஊரை ‘வாரியோர்பொல்லம்’ என்றும் பக்கத்துப் பாளையமான அரியலூரை ‘அரியெலோர்’ என்றும் எழுதினார் என்பதை அறியாதவர், பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே ஊரைத் தவறவிடுவார். மாவட்டமும் நிலையாக இருக்கவில்லை. 1995 வரை திருச்சிராப்பள்ளி, பிறகு பெரம்பலூர், 2001இல் அரியலூர், அடுத்த ஆண்டே மீண்டும் பெரம்பலூர், 2007இலிருந்து திரும்ப அரியலூர் என்று எல்லைகள் மாறியதால் கட்டுகளும் வெவ்வேறு தலைப்புகளின்கீழ் கிடக்கின்றன. போதாக்குறைக்கு, வட்டத்துக்குப் பெயர் உடையார்பாளையம் என்றாலும் வட்டாட்சியர் கச்சேரி நெடுங்காலமாக இருந்தது ஜெயங்கொண்டத்தில்.

கம்பெனி ஏடுகளில் இந்தப் பாளையம் தோன்றும் விதம் கவனிக்கத்தக்கது. பேஷ்குஷ் எனப்படும் கப்பம் ஒழுங்காக வந்து சேர்ந்த ஆண்டுகளில் உடையார்பாளையம் பற்றி எழுத எழுத்தருக்கு ஒன்றும் இருக்காது. கப்பம் நின்ற ஆண்டில் பக்கங்கள் பெருகும். 1765இல் நவாபு முகமது அலியின் மகன் உம்தத்-உல்-உமரா கம்பெனிப் படையின் துணையோடு அரியலூர்மீதும் உடையார்பாளையத்தின்மீதும் படையெடுத்தது அத்தகைய நிலுவையைக் காரணம் காட்டித்தான். 1801 ஜூலையில் நவாபின் ஆளுகையில் இருந்த கர்நாடகத்தின் நிர்வாகம் முழுவதும் கம்பெனியின் கைக்கு வந்தபின், திருச்சிராப்பள்ளியின் முதல் கலெக்டரான ஜான் வாலஸின் காலத்திலிருந்து, பாளையக்காரரின் வாள் மறைந்து வரவு செலவுக் கணக்கு முன்னுக்கு வருகிறது; பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நிலையான கப்பத்தை ஏற்றுக்கொண்டு ஊர்களை அனுபவிக்கும் உரிமையை எழுத்தில் உறுதி செய்யும் ‘சன்னது’ என்ற பத்திரத்தின் வழியாகப் பாளையம் ஜமீனாக உருமாறியது. 1878இல் லூயிஸ் மூர் எழுதிய திருச்சிராப்பள்ளி மாவட்டக் கையேடும், 1907இல் ஹெமிங்வே தொகுத்த மாவட்ட கெசட்டியரும் இந்தக் கட்டுகளிலிருந்து பிழிந்து எடுத்தவையே. இன்று பாளையத்தின் வரலாறு என்று ஊரில் சொல்லப்படுவதில் பாதி, யார் எவ்வளவு பாக்கி வைத்தார் என்று எழுதிய கணக்கரின் பார்வையிலிருந்து வந்தது என்பதைப் படிப்பவர் மறந்துவிடலாகாது.

அந்தக் கணக்கரின் பார்வைக்கு வெளியே நடந்ததற்குக் கூர்மையான சான்று கங்கைகொண்ட சோழபுரம். ராசேந்திர சோழனின் தலைநகராக இருந்து, பிரிட்டிஷ் நிர்வாகத்தில் உடையார்பாளையம் வட்டத்தில் அடங்கிய இந்த ஊரின் பெருங்கோயில் மதிலை, 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது பொறியாளர்கள் இடித்துக் கல்லெடுத்துச் சென்றனர். ஊரார் எதிர்த்ததையும், கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொல்லிய வாக்கு காப்பாற்றப்படாததையும் 1855ஆம் ஆண்டு இதழ்க் கட்டுரை ஒன்றிலிருந்து பிற்கால நூல்கள் எடுத்துக் காட்டுகின்றன. பொதுப்பணிக் கணக்கில் அது கட்டுமானக் கல். ஊராருக்கு அது கோயில். இரண்டு பார்வையையும் ஒருசேரத் தரும் ஏட்டைக் கண்டெடுப்பது அரிது.

வழக்கு மன்றங்கள் வந்தபின் ஜமீன் குடும்பத்தின் உள்வாழ்க்கையே அரசுக் காகிதமாயிற்று. உடையார்பாளையம் பாகப்பிரிவினைக்கு உட்படாத ஜமீன், அதாவது சகோதரர்கள் எத்தனை பேர் இருந்தாலும் ஒருவரே முழுவதையும் ஆளக்கூடியது. ஆகவே அந்த ஒருவர் யார் என்பதில் எழுந்த பிணக்கு 1901இல் சென்னை உயர்நீதிமன்றத்திலும், 1905இல் லண்டனில் பிரிட்டிஷ் பேரரசின் இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலிலும் தீர்ப்பைக் கண்டது. ‘கச்சி கலியாண ரெங்கப்ப காலாக்கத் தோழ உடையார்’ என்று தொடங்கும் அந்த வழக்கின் நீண்ட பெயர், வாரிசுரிமை பற்றிய இந்துச் சட்ட நூல்களில் இன்றும் மேற்கோளாக நிற்கிறது. கப்பலேறிய வழக்குகளுக்குக் கீழ்மன்றச் சாட்சியமும் ஆவணங்களும் அச்சிட்ட கட்டாக உடன் செல்ல வேண்டும் என்பது விதி. சகோதரர்களும் தாயாதிகளும் ஒற்றுமையாக இருந்திருந்தால் வீட்டுப் பரணில் மட்கியிருக்கக்கூடிய குடும்ப மரங்கள் அவர்களுடைய சண்டையால் நூலகத்தை அடைந்தன.

ஜமீனின் சொந்தக் காகிதம் யாருடையது என்ற கேள்வி 1948இல் வந்தது. ஜமீன்களை ஒழித்து நிலத்தை ரயத்துவாரி முறைக்கு, அதாவது உழவர் நேரடியாக அரசுக்கு வரி கட்டும் முறைக்கு மாற்றிய சென்னை எஸ்டேட்டு ஒழிப்புச் சட்டம், 1948ஆம் ஆண்டின் 26ஆம் சட்டமாக நிறைவேறியது. எஸ்டேட்டைக் கையகப்படுத்தும்போது கணக்குகள், பதிவேடுகள், பட்டாக்கள், உழவர் எழுதிக் கொடுத்த உறுதிமொழியான முச்சிலிக்கைகள், வரைபடங்கள் ஆகியவற்றையும் அரசு எடுத்துக்கொள்ளலாம் என்று அதன் மூன்றாம் பிரிவு கூறுகிறது. ஆனால் ‘நிர்வாகத்துக்குத் தேவைப்படுபவை’ என்ற வரம்பும் அதிலேயே உள்ளது. அமெரிக்கச் சட்டம் பதவியை அளவுகோலாக வைத்து, அலுவல் காகிதம் முழுவதும் மக்களுடையது என்றது. சென்னைச் சட்டம் வரியை அளவுகோலாக வைத்தது. வயல் அளவு அரசுக்கு வந்தது. புலவருக்கு எழுதிய கடிதமும் வித்துவான்களுக்கு அளித்த பரிசின் குறிப்பும் அந்த வரம்புக்குள் வராதவை. அவை வீட்டுச் சொத்தாகவே நின்றன, வீட்டோடு சிதறும் ஆபத்தையும் சுமந்தன.

உடையார்பாளையத்தைப் பொறுத்தவரை அந்த இழப்பைப் பெருமளவு ஈடு செய்தவர் தமிழாசிரியர் உ. வே. சாமிநாதையர். அவருடைய உறவினரான கனம் கிருஷ்ணையர் இந்தச் சமஸ்தானத்தின் சங்கீத வித்துவான். தந்தையார் வேங்கடசுப்பையர் இசை பயின்றதும் அவரிடமே. இளமையில் அரியலூரிலும் குன்னத்திலும் வளர்ந்த சாமிநாதையர், அங்கே கேட்டவற்றையும் கண்டவற்றையும் நினைவில் வைத்து, 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் சரித்திர’த்தில் ஜமீனின் கொடையையும் சபையையும் விரித்து எழுதினார், கிருஷ்ணையரைப் பற்றித் தனி நூலும் வெளியிட்டார். கச்சேரி என்றால் தமிழில் அரசு அலுவலகம் என்றும் பொருள், பாட்டரங்கு என்றும் பொருள். கலெக்டர் கச்சேரியின் ஏடுகள் எழும்பூரில் இருக்க, கிருஷ்ணையர் பாடிய கச்சேரி ஒரு தமிழாசிரியரின் நினைவில் தங்கியது.

எதை வைப்பது, எதை அழிப்பது என்ற தெரிவு இன்றும் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஓசையின்றி நடந்துவருகிறது. அலுவலகக் கடிதத்தின் தலைப்பில் ‘ந.க.’ என்று தொடங்கும் எண், கோப்பு நடப்பில் உள்ளதைக் காட்டும். கோப்பு முடிந்ததும் அது ‘ஓ.மு.’ ஆனால் ஓராண்டும், ‘மூ.மு.’ ஆனால் மூன்றாண்டும், ‘ப.மு.’ ஆனால் பத்தாண்டும் வைத்திருந்து அழிக்கப்படும், ‘நி.மு.’ ஆனால் நிலையாகப் பாதுகாக்கப்படும். நூறாண்டு கழித்து வரப்போகும் ஆய்வாளருக்கு என்ன கிடைக்கும் என்பதை முதலில் தீர்மானிப்பவர், அந்த எழுத்துகளைக் குறிக்கும் உதவியாளர். முன்னாள் ஜமீன் ஊர்களில் எல்லைத் தகராறோ பட்டாத் தகராறோ எழும்போது வழக்கறிஞர்கள் முதலில் கேட்பது எஸ்டேட்டைக் கையகப்படுத்தியபின் தயாரித்த நிலவரித்திட்டப் பதிவேட்டின் நகலைத்தான். 1948இல் ‘தேவை’ என்று எடுத்துக்கொள்ளப்பட்ட கணக்குகளின் வழிவந்த ஏடு அது.