மேசைமேல் ஓடும் கிள்ளான் வண்டி

கடையில் விற்கும் பொம்மை ரயிலுக்கும், ஓர் ஊரில் ஒரு குறிப்பிட்ட ஆண்டில் ஓடிய வண்டியை அச்சு அசலாகச் சிறிய உருவில் செய்து வைக்கும் மாதிரி ரயிலுக்கும் உள்ள பேதம், கைத்திறனைக் காட்டிலும் ஆராய்ச்சியில்தான் அதிகம். அறுக்கவும் ஒட்டவும் ஆறு மாதத்தில் பழகிவிடலாம். அந்த வண்டியில் எத்தனை பெட்டிகள், அவற்றை இழுத்தது எந்த எஞ்சின் என்ற வினாக்களுக்கு விடை தேடப் புகுந்தவர்களுக்கோ ஆண்டுகள் போதுவதில்லை.

கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குச் செல்லும் பாதையையே உதாரணமாகக் கொள்வோம். 1886 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்டபோது அது கிள்ளானை எட்டவேயில்லை; ஏறத்தாழ 31 கிலோமீட்டர் சென்று, ஆறு குறுக்கிட்டபடியால் புக்கிட் கூடாவிலேயே நின்றுவிட்டது. 1890-இல் கன்னாட் பாலம் கட்டி முடிந்த பின்னரே வண்டி ஆற்றைக் கடந்தது. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் தனித்தனியே இயங்கிய மாநில ரயில்வேக்கள் ஒன்றாகி, ஐக்கிய மலாய் நாடுகளின் ரயில்வே என்ற பெயரை ஏற்றன. கும்மட்டங்களும் வளைவுகளுமாகக் கட்டடக் கலைஞர் ஹப்பக் வரைந்த கோலாலம்பூர் ஸ்டேஷன் எழுந்தது 1910-இல். ஆகவே ஆண்டை முதலில் நிச்சயிக்காமல் ரம்பத்தை எடுப்பவர், இல்லாத பாலத்தின்மீது வண்டியை ஓட்டும் அற்புதத்தைச் செய்துவிடக்கூடும்.

அடுத்தது அளவு. மலாயாவின் தண்டவாளங்கள் மீட்டர் கேஜ்; அதாவது, இரண்டுக்கும் இடையே ஒரு மீட்டர். 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் அவற்றின் இடைவெளி பதினொன்றரை மில்லிமீட்டர் ஆகும். கடைகளில் கிடைக்கும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் இதற்கு ஏறக்குறையப் பொருந்திவிடுகிறது. ஆனால் அந்த 31 கிலோமீட்டரை அதே விகிதத்தில் சுருக்கினாலும் 356 மீட்டர் நீளம் வேண்டும். அத்தகைய வரவேற்பறை யாரிடமும் இல்லாமையால், ஒன்றிரண்டு ஸ்டேஷன்களோடு திருப்தியடைய வேண்டியதுதான்.

சான்றுகளில் முதலிடத்தை நான் தருவது, பயணிகளுக்கு விற்ற கால அட்டவணைக்கன்று, ஊழியருக்கென்று தனியே அச்சிட்ட அட்டவணைக்கே. முன்னது வண்டி புறப்படும் நேரத்தைச் சொல்லி நின்றுவிடும். பின்னதோ, ஒற்றைத் தடத்தில் எந்த வண்டி எங்கே ஒதுங்கி எதற்கு வழிவிட்டது என்பதையும் சொல்லும். இதனுடன் ரயில்வே இலாகாவின் ஆண்டறிக்கைகளையும், சிங்கப்பூர் தேசிய நூலகம் மின்வடிவில் வைத்துள்ள பழைய மலாயாப் பத்திரிகைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

எஞ்சினின் எண்ணும் ஒரு சாசனமே. 564.36 என்று ஓர் எண் கண்டால், 56 வகுப்பையும், 4 உட்பிரிவையும், 36 வரிசையையும் குறிக்கும். கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் தொழிற்சாலையில் மூன்று சிலிண்டர்களுடன் உருவான இவ்வகுப்பின் முதல் எஞ்சின்கள் 1930-களின் இறுதியில்தான் மலாயா வந்தன. 1920-ஆம் ஆண்டுக் காட்சியில் அவற்றுக்கு இடமில்லை. அவ்வாறே, 1957-இல் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் டீசல் எஞ்சின்கள் வந்துசேருமுன் முதன்மைப் பாதைகளில் டீசலைக் காட்டுவதும் பிழை.

எல்லாவற்றிலும் கடினமானது நிறம். பழைய புகைப்படச் சுருள்களில் பல சிவப்பொளியை உணராதவை. ஆதலால் செந்நிறப் பெட்டி படத்தில் கருத்தே தோன்றும். படத்தை நம்பிக் கறுப்புப் பூசிவிட்டுப் பின்னர் வருந்துவோர் உண்டு. முதியவர்களைக் கேட்கலாமென்றால், ஒருவர் சத்தியம் செய்யும் நிறத்தை அடுத்த வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளமாட்டார்!

ஆயினும் அவர்களைக் கேட்காமல் விடுவதற்கில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் அமர்ந்தவர்களும், தமிழகத்திலிருந்து வந்து தண்டவாளம் பதித்துப் பராமரித்தவர்களும் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் குடியிருந்தனர்; பிரிக்பீல்ட்ஸில் பெட்டிகள் கோத்துப் பிரிக்கப்பட்ட பழைய ரயில் முற்றத்தின் மேல்தான் 2001-இல் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் எழுந்தது. வழியனுப்ப வந்த உறவினர்கள் பிளாட்பாரத்தில் நின்று எடுத்துக்கொண்ட படமொன்று உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்குமாயின், முகங்கள் மட்டும் தெரியும்படி ஓரங்களைக் கத்தரித்துவிடாதீர்கள். பின்னால் நிற்கும் பெட்டியின் எண்ணுக்காக எங்கோ ஒருவர் காத்திருக்கிறார். ஆண்டும் ஸ்டேஷனும் தெரிந்தால், படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள்.